தஞ்சையில் விமானம் உயரம், மதுரையில் கோபுரம் உயரம்: இடையில் என்ன நடந்தது?

காவிரிக்கரையான்

தஞ்சைப் பெரிய கோயிலில் கண்ணை இழுப்பது கருவறைக்கு மேலே நிற்கும் விமானம். 216 அடி என்று சொல்கிறார்கள். அளவை முறைக்கு ஏற்ப இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் அந்த வட்டாரத்தில் அதுதான் ராஜா. முன்னால் இருக்கும் கேரளாந்தகன் திருவாசலும் இராசராசன் திருவாசலும் அதற்கு அடங்கித்தான் நிற்கின்றன. மதுரையில் நிலைமை தலைகீழ். தெற்குக் கோபுரம் 170 அடி. மீனாட்சி, சொக்கநாதர் சந்நிதி விமானங்களுக்குப் பொன் வேய்ந்திருக்கிறார்கள், இருந்தும் வீதியில் நிற்பவர் கண்ணுக்கு அவை படுவதே இல்லை. திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் இதே கதைதான்.

தஞ்சை விமானத்துக்குக் கலசம் வைத்தது 1010இல். மதுரைத் தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு. சாமி அதே சாமி, பாடும் தேவாரம் அதே தேவாரம். இந்த 500 வருஷத்தில் உயரம் மட்டும் ஏன் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தது? "நாயக்கர் பாணி" என்று பெயர் சொல்வது பதில் ஆகாது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடம்77

தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். உச்சியில் 80 டன் எடையுள்ள ஒரே கல். அந்தத் தொழில்நுட்பம் பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாமல் போனதால் உயரமான விமானம் கட்டுவதை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சுதைவேலை

நிழல் நன்றாகவே விழுகிறது. சாயங்காலம் போனால் அதில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிடலாம். உச்சியில் இருப்பதும் ஒற்றைக் கல் அல்ல, பல துண்டுகளைச் சேர்த்து அமைத்த சிகரம்.

தொழில்நுட்பம் தொலைந்தது என்பதும் சரியில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சுதை வேலை செய்கிறது, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். தஞ்சை விமானம் அடி முதல் நுனி வரை கருங்கல். கோபுரம் அப்படி இல்லை. முதல் கொடுங்கை (வளைந்த கூரை விளிம்பு) வரைதான் கல், அதற்கு மேல் செங்கல், சுண்ணாம்பு, சுதை. நடுவே வாசல் திறந்திருக்கிறது. அவ்வளவு பெரிய திறப்பின் மேல் நூற்றுக்கணக்கான அடிக்குக் கல்லை அடுக்கினால் உத்தரம் தாங்காது. அதனால்தான் எடை குறைந்த பொருளுக்குப் போனார்கள். சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து அரைப்போம். அந்தச் சாந்தில் விரலாலும் கரண்டியாலும் உருவம் பிடிக்கலாம், உளி தேவையில்லை. கோபுரத்தில் இத்தனை பொம்மைகள் கூட்டமாக நிற்பதற்கு இந்தப் பொருளும் ஒரு காரணம். கல்லில் அத்தனையும் செதுக்க வேண்டுமென்றால் எந்த ராஜாவின் கஜானாவும் தாங்காது.

ஆனால் இது எப்படிக் கட்டினார்கள் என்பதற்கான பதில். ஏன் என்பதை வேறு யாராவது சொல்லட்டும்.

கல்வெட்டுப்பித்தன்

காவிரிக்கரையான், உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். நீங்கள் ஒப்பிடுவது ஒரே வகைக் கோயில்களை அல்ல.

தஞ்சை இராசராசேச்சரம் ஒரு ராஜா புதிதாக எடுத்த கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவர் பதிகம் அதற்குக் கிடையாது. கட்டிய பிறகு கருவூர்த் தேவர் பாடியது திருவிசைப்பாவில் இருக்கிறது, அவ்வளவுதான். கங்கைகொண்டசோழபுரமும் அப்படியே. தாராசுரம், திருபுவனம் இரண்டும் பிற்காலச் சோழர்கள் புதிதாக எடுத்தவை. பெரிய விமானம் உள்ள இந்த நாலு கோயில்களிலும் கட்டுபவர் கையைக் கட்டிப்போட எதுவும் இல்லை. மன்னன் நினைத்த அளவுக்குக் கருவறை, அதற்குத் தக்க உயரம்.

மதுரை, திருவாரூர், தில்லை (சிதம்பரம்), அண்ணாமலை எல்லாம் அப்பரும் சம்பந்தரும் வந்து பாடிய இடங்கள். ஸ்ரீரங்கம் ஆழ்வார்கள் பாடியது. அங்கே கருவறை சின்னது, பழையது, ஊர் முழுக்க அதன்மேல் உயிராக இருந்தது. அதை இடித்துப் பெரிதாக்க எந்த மன்னனுக்கும் மனம் வராது. தில்லையில் இன்றும் நடுநாயகமாக இருப்பது மரத்தாலான ஒரு சபை. சோழர்கள் அதற்குப் பொன் வேய்ந்தார்கள், உருவத்தை மாற்றவில்லை. நடுவைத் தொட முடியாதபோது எங்கே செலவு செய்வது? சுற்றில்தான். ஒரு திருச்சுற்று, அதற்கொரு வாசல். அடுத்து வந்தவர் அதற்கு வெளியே இன்னொரு சுற்று, முந்தையதைவிடப் பெரிய வாசல். ஸ்ரீரங்கத்தில் இப்படி ஏழு சுற்று, 21 கோபுரம் ஆகிவிட்டது.

மதுரைக்காரி

கல்வெட்டு ஐயா சொல்வது பாதி சரி என்பேன். சோழ அரசி செம்பியன் மாதேவி என்ன செய்தார்? கோனேரிராசபுரம், விருத்தாசலம், திருக்கோடிக்காவல் என்று பாடல் பெற்ற தலங்களையே கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றினார். திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டவும் வைத்தார். ஆக, கருவறையைத் தொடவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

கல்வெட்டுப்பித்தன்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் அம்மா. அவர் செங்கல்லைக் கல்லாக்கினார், ஆனால் பெரும்பாலும் அளவை ஊதிப் பெருக்கவில்லை. அந்தக் கோயில்களைப் பார்த்தால் தெரியும்: நேர்த்தியான, அடக்கமான விமானங்கள். தன் கணவர் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தைக் கோனேரிராசபுரத்தில் வைத்தார், அதற்குக் கீழே விளக்கமும் வெட்டினார். அவ்வளவுதான் அவருடைய விளம்பரம்.

நைல்கரை

நான் எகிப்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். கர்னாக் கோயிலைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று ஸ்ரீரங்கம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் உள்ளே கருவறை சின்னது. ஒவ்வொரு ஃபாரோவும் வெளிப்பக்கமாக ஒரு வாசல் கோபுரம் சேர்த்துக்கொண்டே போனார்கள், மொத்தம் பத்து. நாம் இன்று நுழையும் முதல் வாசல்தான் கடைசியாகக் கட்டியது, அதுதான் மிகப் பெரியது, அதுவும் முடியாமல் நிற்கிறது. முதலாம் நெக்டனெபோ காலம் என்கிறார்கள். கிமு 4ஆம் நூற்றாண்டு.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒபெட் திருவிழாவில் அமுன் சாமியை ஒரு படகு வாகனத்தில் வைத்துத் தோளில் சுமந்து லக்சர் கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். கர்னாக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு இருந்தது என்று கதை கட்ட வரவில்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் யாரும் போகாதீர்கள். சாமி வெளியே வருகிற ஊரில் வாசல் பெரிதாகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மதுரைக்காரி

இதுதான் நான் சொல்ல வந்தது! கோபுரத்தை உள்ளே போகிற வாசலாக மட்டும் பார்க்கிறோம். எங்கள் ஊரில் அது சாமி வெளியே வருகிற வாசல்.

19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது நம் கோயில்களைக் கடுமையாகக் குறை சொன்னார். வெளியே பெரிய கோபுரம், உள்ளே போகப் போகச் சின்னது, கடைசியில் ஒன்றுமில்லாத ஒரு கருவறை, இது கலையே அல்ல என்கிற தொனியில். அவர் பார்வையாளர். வெளியிலிருந்து உள்ளே நடந்தார், ஏமாந்தார். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி ஓரத்தில் நின்று பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

மாசி வீதியில் சித்திரைத் தேர் ஏன் ஓடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்ததாகவும், திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்ததாகவும் சொல்வார்கள். மாதம் மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. அதே நாயக்கர்தான் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கோயிலுக்கு வெளியே, புது மண்டபம் கட்டினார். வசந்த விழாவுக்குச் சாமி வந்து தங்க ஒரு மண்டபம். உள்ளே தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நிற்கிறார்கள். ராஜராஜன் தன் கோயிலில் தனக்கு இப்படி ஒரு கற்சிலை வைத்துக்கொள்ளவில்லை. அங்குள்ள ஓவியத்தில் இருப்பது அவர்தானா என்றே அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நான் சின்ன வயதில் புது மண்டபத்துக்குப் போனது சாமி கும்பிட அல்ல, பாவாடை தைக்கக் கொடுக்க. அங்கே வரிசையாகத் தையல்காரர்கள் இருப்பார்கள். நாயக்கர் சிலைக்கும் தையல் மெஷினுக்கும் ஒரு முழ இடைவெளிதான். இப்போது கடைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கொள்ளிடம்77

சரி, நிழல் விஷயத்தை விட்டுவிடுகிறேன். இது எப்படி? 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படை வந்தது. அந்தப் பயத்தில்தான் மதிலும் கோபுரமும் கோட்டை மாதிரி எழுந்தன.

கல்வெட்டுப்பித்தன்

மதிலுக்குப் பொருந்தலாம். ஸ்ரீரங்கத்தைக் கர்நாடகப் போர்களின்போது பிரெஞ்சுப் படை கோட்டையாகவே பயன்படுத்தியது. ஆனால் கோபுரத்துக்குப் பொருந்தாது. சிதம்பரத்தில் பெரிய கோபுரங்கள் எழத் தொடங்கியது 12, 13ஆம் நூற்றாண்டுகளில். மதுரைக் கிழக்குக் கோபுரமும் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. எல்லாம் 1311க்கு முன். தவிர, தம்பி, எதிரிக்குப் பயந்தவன் வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்து, எங்கே இருக்கிறது என்று பத்து மைல் தூரத்துக்கு அடையாளமும் காட்டுவானா?

சலங்கை

பரதம் ஆடுகிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத பக்கம்.

தஞ்சை விமானத்துக்குள் இரண்டாவது தளத்தில், கருவறையைச் சுற்றி ஓடும் குறுகலான நடையில், சிவனே கரணங்களை, அதாவது நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆடல் நிலைகளை, ஆடுவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 108 கரணம். அதில் 81 முடிந்திருக்கிறது, மீதிக் கற்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. யாருக்காகச் செதுக்கினார்கள் என்பது பெரிய கேள்வி, ஏனென்றால் சாதாரண பக்தர் ஏறும் இடமே அல்ல அது. இன்றைக்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

சிதம்பரத்துக்கு வாருங்கள். அதே கரணங்கள், ஆனால் கோபுர வாசலில்! நீங்கள் நடந்து போகும் வழியில் இரண்டு பக்கச் சுவரிலும் அடுக்கடுக்காக. ஆடுபவர் சிவன் அல்ல, பெண்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திரச் சுலோகத்தையே கிரந்த எழுத்தில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எது எந்தக் கரணம் என்று தெரிய. விருத்தாசலம், திருவண்ணாமலை கோபுரங்களிலும் உண்டு. உயரம் மட்டும் வாசலுக்கு வரவில்லை, நடனமும் கூடவே வந்தது.

தஞ்சைக் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) பெயர் இருக்கிறது தெரியுமா? எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், சம்பளமாக ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல், எல்லாம். ஆடிய பெண்களின் வீட்டு முகவரி வெளிச்சுவரில், அந்த ஆட்டத்தைச் சிவன் ஆடுவது உள்ளே. சிதம்பரம் கோபுரத்தில் அந்தப் பெண்களே கல்லில் வந்துவிட்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். இது என் வாசிப்பு, ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

காவிரிக்கரையான்

சலங்கை, இதற்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. ஒரு சந்தேகம். சாமி வெளியே வந்ததால் கோபுரம் வளர்ந்தது என்றால், ராஜராஜன் காலத்திலேயே உலாத் திருமேனிகள் இருந்தனவே? செப்புத் திருமேனிகளை முழம், விரல் கணக்கில் அளந்து கல்வெட்டில் எழுதியிருக்கிறார். அப்போதே திருவிழா இருந்திருக்கிறது.

சலங்கை

இருந்தது. பீடத்தில் கழி செருகும் வளையங்களையும் துளைகளையும் பார்த்தாலே சுமந்து செல்லத்தான் வார்த்தார்கள் என்று தெரியும். ஆனால் ஊர் கோயிலைச் சுற்றி வளர்ந்து, நாலு வீதி, தேர், தெப்பம், வசந்தம், கல்யாணம் என்று ஆண்டு முழுக்க விழா நிரம்பியது அதற்குப் பிறகுதான். அம்மனுக்குத் தனிச் சந்நிதி பரவலாவதும் அந்தக் காலத்தில்தான். ஆயிரக்கால் மண்டபம், கல்யாண மண்டபம் எல்லாம் அதனோடு வந்தவை.

ஒட்டரதேசம்

எல்லோரும் ஒத்துப் போவதால் நான் ஒரு முள் வைக்கிறேன். ஒடிசாவில், புரியில் தேர்த் திருவிழா உலகப் புகழ். சாமி வெளியே வருகிறார், வீதி அகலம், கூட்டம் லட்சக்கணக்கில். அங்கே ஏன் கோபுரம் வளரவில்லை? ஜெகந்நாதர் கோயிலில் உயரம் கருவறைக்கு மேல்தான், 200 அடிக்குக் குறையாமல். புவனேஸ்வர் லிங்கராஜாவும் அப்படியே. உலா வந்தால் வாசல் பெரிதாகும் என்பது விதியானால் புரி அதை உடைக்கிறது.

கல்வெட்டுப்பித்தன்

இந்த முள் குத்துகிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உலா மட்டும் போதாது.

புரிக் கோயிலை இப்போதைய பெரிய அளவில் எடுக்கத் தொடங்கியது 12ஆம் நூற்றாண்டில் அனந்தவர்மன் சோடகங்கன். அவன் தாய் இராசசுந்தரி, வீரராசேந்திர சோழனின் மகள். தஞ்சையின் பேரன் வழி என்றே வைத்துக்கொள்ளலாம். தாத்தா வீட்டில் பார்த்ததுபோல அவனும் நடுவிலேயே முழு உயரத்தையும் கொடுத்துவிட்டான். நடு ஏற்கனவே அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது வாசலில் போட்டி போட இடமில்லை. எனவே மூன்றும் சேர வேண்டும்: தொட முடியாத பழைய கருவறை, வெளியே வரும் சாமி, பல நூற்றாண்டு மாறி மாறிக் கொடுத்த புரவலர்கள். கடைசியதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயர் பெயர். அண்ணாமலைக் கிழக்குக் கோபுரத்தை அவர் தொடங்கினார், தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிந்தது, 217 அடி. பெரிய கோயிலைவிட ஓர் அடி கூட இருக்க வேண்டும் என்று கட்டியதாக ஊரில் சொல்வார்கள். கதையாக இருக்கலாம், கதையிலும் போட்டி தெரிகிறது.

ஒட்டரதேசம்

புரியில் இன்னொன்றும் உண்டு. அங்கே மூலவரே தேரேறுகிறார், உற்சவர் அல்ல. சோடகங்கன் விஷயத்தை ஏற்கிறேன், ஆனால் கேள்வி முழுக்கத் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வெளிவீதி

யாருமே பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. கோபுரத்தைத் தாண்டி உள்ளே விடப்படாதவர்கள். எங்கள் பாட்டனார் தலைமுறைக்கு மதுரைக் கோயில் என்றால் கோபுரம்தான். 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்று சொல்லி வைத்தது யாருக்கு ஆறுதல்? தேர் வரும் வீதியிலும் நிற்க இடம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கோபுரம் சாமியை வெளியே கொண்டுவந்த வாசல் என்று மகிழும்போது, அது நிறுத்திய வாசல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தனை சுதைப் பொம்மைகளையும் நிமிர்ந்து நின்று முழுசாகப் பார்த்தவர்கள் எங்கள் ஆட்கள்தான், வேறு பார்க்க எதுவும் விடவில்லை.

மதுரைக்காரி

நான் எழுதியதில் இது விடுபட்டிருக்கக் கூடாது. நன்றி. நந்தனார் கதையும் தில்லை வாசலில்தானே நிற்கிறது.

யாழ்நிலவன்

இலங்கையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் என்ற சிவாலயம் இருக்கிறது, சோழர் கட்டியது, 11ஆம் நூற்றாண்டு. முழுக்கக் கல், சின்னஞ்சிறு விமானம் சிதையாமல் நிற்கிறது. கோபுரம் எதுவும் வளரவில்லை. சோழர் போன பின் அதைச் சுற்றி ஒரு கோயில் நகரம் எழவில்லை, சுற்றுச் சேர்க்கப் புரவலர் வரவில்லை. ஆக, தஞ்சைக் காலத்துப் பாணி பின்னால் யாரும் கை வைக்காமல் நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அங்கே வாருங்கள்.

சிங்கைக்குமரன்

இங்கே 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் கோபுரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். வெளிநாட்டில் தமிழ்க் கோயில் என்று அடையாளம் காட்டுவது கோபுரம். தமிழ்நாட்டு அரசுச் சின்னத்திலும் அதேதான். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று படித்தோம், மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஒரு கேள்வி: இந்தப் பளபள வண்ணம் பழைய வழக்கமா, இப்போது வந்த பழக்கமா?

சுதைவேலை

சுதைக்கு வண்ணம் பூசுவது பழைய வழக்கமே. கனிமப் பொடிகளும் மண் நிறங்களும் பயன்பட்டன, அவை சுண்ணாம்போடு ஒட்டி அடங்கி நிற்கும். டப்பா பெயிண்ட் வந்த பிறகு நிறம் கத்த ஆரம்பித்தது. திருவண்ணாமலை ராஜகோபுரம் வண்ணமில்லாமல் நிற்பதைப் பார்த்தவர்கள் அதுதான் அசல் என்று நினைப்பார்கள், அதுவும் முழு உண்மை இல்லை. எனக்கு வருத்தம் நிறத்தில் இல்லை. குடமுழுக்கு நெருங்கும்போது அவசரமாகப் பழைய சுதையைக் கொத்திவிட்டு சிமெண்டில் புதுப் பொம்மை வைக்கிறார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், பத்து வருஷத்தில் வெடிக்கும்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் நாயக்கர் காலத்திலிருந்து மொட்டையாக நின்றது. 1979இல் வேலை தொடங்கி 1987இல் முடித்து 236 அடி ஆக்கினார்கள். எனவே இந்த இழையின் கேள்வி 16ஆம் நூற்றாண்டோடு நிற்கவில்லை.

காவிரிக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த மாதம் கும்பகோணம் பக்கம் போகிறேன். இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்ட மாதிரி ஒரு கோயில் இருக்கிறதா?

கல்வெட்டுப்பித்தன்

திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் எடுத்த கம்பகரேசுவரர் கோயில், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையிலேயே. விமானம் 120 அடிக்கு மேல், கோபுரத்தைவிட உயரம். அந்தத் தலைமுறையிலேயே சிதம்பரத்தில் கோபுரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு வழியும் ஒரே சமயத்தில் ஓடியிருக்கின்றன. காலையில் தாராசுரத்தை முடித்துவிட்டுப் போங்கள், அங்கே பெரிய புராணக் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாகச் சுவரடியில் இருக்கும், தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சிதம்பரத்துக்கு நேரம் இருந்தால் மேற்குக் கோபுரம் வழியாக நுழையுங்கள். சலங்கை சொன்ன கரணங்கள் மேல் வரிசைகளில் தெரிய ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.